தக்கோலம் போர்க்களத்துக்கு ஒரு நாள் பயணம்: ரயில், பேருந்து, கோயில் நேரம், செலவு

தக்கோலத்துக்கு நான் மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை போனபோது பகல் பன்னிரண்டரைக்கு ஊருக்குள் இறங்கினேன், கோயில் நடை சாத்தியிருந்தது, போர்க்களம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, இரண்டு மணி நேரம் வெயிலில் சுற்றிவிட்டு எதையும் பார்க்காமல் திரும்பினேன். இரண்டாவது தடவை ரயில் நிலையம் என்ற பெயரை நம்பி ஏமாந்தேன். மூன்றாவது தடவைதான் எல்லாம் சரியாக அமைந்தது. நீங்கள் முதல் தடவையிலேயே சரியாகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

949-ல் சோழர் படையும் ராஷ்டிரகூடர் படையும் மோதிய இடம் இது. பராந்தகச் சோழனின் மகன் ராஜாதித்தன் இங்கே யானை மேலேயே இறந்துபோனான். எதிரே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவனுடைய மைத்துனன் கங்க மன்னன் பூதுகனும். வரலாறு இவ்வளவு தெரிந்தால் கிளம்பப் போதும். மீதியை எந்த இடத்தில் படிக்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன், அங்கே படித்தால்தான் அதற்கு அர்த்தம்.

1. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே பலகை கிடையாது

நினைவுத்தூண், வேலி போட்ட திடல், டிக்கெட் கவுண்டர், வழிகாட்டி, எதையும் எதிர்பார்க்காதீர்கள். ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணம் பக்கத்தில் இருக்கிற ஒரு பேரூராட்சி இது. ஊர், கோயில், ஆறு, சுற்றிலும் வயல். போர் எந்த வயலில் நடந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை, தக்கோலத்தில் நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் யாராவது ஒரு மேட்டைக் காட்டி "இதுதான் அந்த இடம்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். பழைய கல் ஒன்றைக் காட்டி ராஜாதித்தன் காலத்து நடுகல் என்றாலும் அப்படித்தான், எழுத்து இருந்து அதைப் படித்தவர் சொன்னால் ஒழிய நம்ப வேண்டாம்.

இதைச் சொல்வது உங்களைத் தடுக்க அல்ல. பார்க்க ஒன்றுமில்லாத இடத்துக்குத் தயாராகப் போகிறவருக்குத்தான் ஏதாவது தெரியும், சும்மா போனால் வயலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். முதல் தடவை எனக்கு நடந்தது அதுதான்.

2. கிளம்புவதற்கு முந்தைய வாரம்: என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்

அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை. ஆனால் அரசு அடையாள அட்டை ஒன்று, ஆதாரோ வாக்காளர் அட்டையோ, கையில் இருக்கட்டும். காரணம், இந்தப் பக்கம் முழுக்கப் பாதுகாப்பு நிறுவனங்கள். தக்கோலத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது, அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத்தளம் இருக்கிறது. கேமராவோடு வயல்வரப்பில் நிற்கிற வெளியூர்க்காரரை யாராவது விசாரித்தால் அது நியாயம்தான், அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னால் முடிந்தது. ட்ரோனை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். போர்க்களத்தை மேலேயிருந்து எடுத்தால் அழகாக இருக்கும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் விமானத்தளம் இருக்கிற ஊரில் அதை எடுத்துப் பார்ப்பது பெரிய வம்பு.

கோயில் கல்வெட்டுகளைப் படமெடுக்க வேண்டுமென்றால் ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். பெறுநர் கோயில் செயல் அலுவலர். உங்கள் பெயர், ஊர், எதற்காக எடுக்கிறீர்கள், கருவறைப் பக்கம் எடுக்க மாட்டேன் என்ற உறுதி, கீழே கையெழுத்து, பின்னால் அடையாள அட்டை நகல். இப்படிக் கடிதம் கொண்டுபோனால் அனுமதி கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாய்வார்த்தையாகக் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல், "ஆபீசில் கேளுங்க" என்று அனுப்பிவிட்டால் அங்கே கொடுக்கவும் ஏதாவது வேண்டுமே.

அப்புறம் முக்கியமானது, மூன்று கல்வெட்டு, செப்பேட்டுச் செய்திகளைக் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். போனில் வைத்துக்கொண்டாலும் சரி, நான் தாளில்தான் எழுதிக்கொண்டு போனேன்.

முதலாவது ஆதகூர்க் கல்வெட்டு. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த நடுகல், இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-950. தக்கோலத்தில் கிருஷ்ணன் சோழனோடு போரிட்டபோது பூதுகன் ராஜாதித்தனைக் கொன்றான் என்று சொல்வது இதுதான். ஆனால் அந்தக் கல் நட்டது பூதுகனுக்காக இல்லை, ஒரு நாய்க்காக! பூதுகனின் வீரன் மணலேரன், தன் வீரத்துக்குப் பரிசாகக் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான், அது ஒரு காட்டுப்பன்றியோடு சண்டையிட்டுச் செத்தது, அதற்கு எழுப்பிய கல்லில்தான் சோழ இளவரசன் இறந்த செய்தியும் இருக்கிறது.

இரண்டாவது லெய்டன் செப்பேடு என்று சொல்லப்படும் ஆனைமங்கலச் செப்பேடு. இது சோழர் தரப்பு. யானை மேல் இருந்த ராஜாதித்தனின் நெஞ்சை அம்புகள் பிளந்தன என்கிறது. ஆதகூர்க் கல்வெட்டோ அம்பாரியையே களமாக்கிக் கத்தியால் குத்திக் கொன்றதாகச் சொல்கிறது. அந்த வரியை முதலில் படித்தபோது பூதுகன் வஞ்சகமாகக் கொன்றான் என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்கள், பிறகுதான் களமாக்கி என்ற வாசிப்பு வந்தது. ஒரே ஒரு சொல், அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில் ஒரு மனிதன் வீரனா வஞ்சகனா என்பதே மாறிப்போகிறது.

மூன்றாவது திருவொற்றியூர்க் கல்வெட்டு. இதைக் கடைசியில் சொல்கிறேன்.

இணையத்தில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில், அதாவது அவன் வெற்றிகளைச் சொல்கிற கல்வெட்டுப் பாடலில், வருகிற தலைத்தக்கோலம் வேறு, அது கடல் தாண்டி இருக்கிற ஊர், தாய்லாந்தின் தகுவாபா என்று சொல்லப்படுவது. வெறுமனே தக்கோலம் என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். அரக்கோணம் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

3. எந்த மாதம், எந்தக் கிழமை

தை, மாசிதான் சரி. அறுவடை முடிந்த வயல் திறந்து கிடக்கும், வரப்பில் நடக்கலாம், தூரம்வரை கண்ணுக்குத் தெரியும். யானைப்படை நகர்கிற அளவுக்கு நிலம் எப்படி இருக்கிறது என்று புரிய இந்தத் திறந்த வெளி தேவை. ஐப்பசி, கார்த்திகையில் சேறு, பயிர் நிற்கிற வயலில் கால் வைக்கவும் கூடாது. சித்திரை, வைகாசியில் நிழல் இல்லாமல் பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது.

கிழமையைப் பொறுத்தவரை வேலைநாள் நல்லது, கோயில் அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். பிரதோஷத்தன்றும் வியாழக்கிழமையும் கூட்டம் இருக்கும், வியாழனுக்குக் காரணம் இங்குள்ள தட்சிணாமூர்த்தி. மற்றக் கோயில்களில் பார்க்கிற மாதிரி நேராக அமர்ந்திருக்க மாட்டார், தலையைச் சற்றே சாய்த்து, கால்களை வேறுவிதமாக வைத்து அமர்ந்திருப்பார். போர்க்களத்துக்காகப் போனாலும் இவரைப் பார்க்காமல் வராதீர்கள்.

4. சென்னையிலிருந்து அரக்கோணம்

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக நிலையத்திலிருந்து அரக்கோணத்துக்குப் புறநகர் ரயில் நாள் முழுக்க இருக்கிறது. தூரம் 69 கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய்க்குள், நேரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி. காலை ஆறரை மணியை ஒட்டி ஏறிவிடுங்கள், எட்டரைக்குள் அரக்கோணத்தில் இருக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்று ஐந்தாவது படியில் தெரியும்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, புறநகர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அரக்கோணத்தில் நிற்கிற எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறுவது. சீக்கிரம் போகும் என்று தோன்றும், பரிசோதகர் வந்தால் அபராதம், அந்த டிக்கெட் வேறு. இரண்டு, கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகிற ரயில். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அது வசதி மாதிரித் தெரியும், ஆனால் ஊரையே சுற்றிக்கொண்டு போகும், நேரம் மிகவும் அதிகம்.

இந்தச் சுற்றுவழியில்தான் தக்கோலம் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வருகிறது. நான் இரண்டாவது தடவை மாட்டிக்கொண்டது இதில்தான். நிலையத்தில் இறங்கினால் ஊர் வந்துவிட்டது என்று நினைத்தேன். நிலையம் ஒரு பக்கம், ஊரும் கோயிலும் வேறு பக்கம், நடக்கிற தூரம் இல்லை, வெளியே வந்தால் ஆட்டோ நிற்கவில்லை, அடுத்த ரயிலுக்கும் நேரம் இருந்தது. அந்தத் தடத்தில் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான். யாராவது வண்டியோடு வந்து அழைத்துப் போவார்கள் என்றால் அங்கே இறங்குங்கள், இல்லையென்றால் அரக்கோணமே நல்லது.

அரக்கோணம் நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிவிட்டு வெளியே வாருங்கள். இதற்குமேல் இந்த வசதிகளைத் தேட வேண்டியிருக்கும், பெண்களோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள்.

5. அரக்கோணத்திலிருந்து தக்கோலம்

பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். அரக்கோணம் பேருந்து நிலையத்தில் பேரம்பாக்கம் பக்கம் போகிற பேருந்துகளைக் கேளுங்கள், தக்கோலம் வழியில் வரும். நகரப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மற்றவர்களுக்கும் சில்லறைக் காசுதான். நேர அட்டவணையை நம்பி உட்காராதீர்கள், நடத்துநரிடம் திரும்பி வருகிற பேருந்து எப்போது என்று இறங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு பேராகப் போனால் ஆட்டோ பேசிவிடலாம். மூன்றாவது தடவை நானும் அக்காவும் போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட ஆயிரம் ரூபாய் கொடுத்தோம். பேசும்போதே காத்திருக்கும் நேரத்தையும், பிறகு பார்க்கப் போகிற கேசாவரம் அணைக்கட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பாதியில் பேச ஆரம்பித்தால் தகராறு.

சொந்த வண்டியில் வருகிறவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் திரும்பி மப்பேடு, பேரம்பாக்கம் வழியாக வரலாம்.

எப்படி வந்தாலும் பத்து மணிக்குள் கோயில் வாசலில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். வெளியூரிலிருந்து கிளம்புகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது, சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி நடுப்பகலில் வந்து சேர்வது.

ஊருக்குள் வழி கேட்கும்போது போர்க்களம் என்று கேட்காதீர்கள். நான் முதல் தடவை அப்படிக் கேட்டபோது தேநீர்க் கடைக்காரர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "தம்பி, கோயிலுக்குத்தானே வந்தீங்க?" என்றார். ஜலநாதீஸ்வரர் கோயில் என்று கேளுங்கள், சிவன் கோயில் என்றாலே கைகாட்டுவார்கள்.

6. கோயிலில் ஒன்றரை மணி நேரம்

போர்க்களம் பார்க்க வந்தவர் ஏன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால், அந்தப் போருக்கு முன்பிருந்தே அது அங்கே நின்றுகொண்டிருக்கிறது. சம்பந்தர் திருவூறல் என்று பாடிய தலம் இது. முதலாம் ஆதித்தன், பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, அதாவது ராஜாதித்தனின் தாத்தாவும் அப்பாவும் ஆண்ட காலம். அவன் இங்கே வந்து நின்ற நாளில் இந்த எழுத்துகள் சுவரில் இருந்தன. கையால் தொடாமல், பக்கத்தில் நின்று அதை ஒரு நிமிடம் பாருங்கள்.

கல்வெட்டைப் பார்க்க ஒரு சின்ன உத்தி: நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து எழுந்து நிற்கும். அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாவு, சாக்பீஸ், திருநீறு தடவி எழுத்தைத் தெளிவாக்க முயலாதீர்கள், தயவுசெய்து. ஆயிரம் வருடம் தாங்கிய எழுத்தை ஒரு புகைப்படத்துக்காக அரிக்க விடுவது எந்த விதத்திலும் நியாயமில்லை.

7. வெளியே: ஆறும் அணைக்கட்டும்

கோயிலை விட்டு ஆற்றுப்பக்கம் வாருங்கள். கல்லாறு என்பார்கள், பெரும்பாலும் மணல்தான் தெரியும். தாள்களை எடுத்துப் படிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் ஆதகூர், அடுத்து லெய்டன் செப்பேடு. இரண்டும் ஒரே சாவைத்தான் சொல்கின்றன, ஒன்று ஜெயித்தவர் எழுதியது, இன்னொன்று தோற்றவரின் வம்சத்தவர் எழுதியது. அக்கா சத்தமாகப் படித்தாள், நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை வெறும் நிலமாகத் தெரிந்த அதே இடம்தான், இந்தத் தடவை அம்பாரி எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும், கீழே நின்றவர்களுக்கு இளவரசன் சாய்ந்தது எப்படித் தெரிந்திருக்கும் என்றெல்லாம் யோசிக்க வைத்தது. அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள், அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, வண்டி இருந்தால் பக்கத்திலிருக்கும் கேசாவரம் அணைக்கட்டு. கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டியது, இங்கிருந்துதான் கூவம் பிரிந்து சென்னைக்கு வருகிறது. நேப்பியர் பாலத்தின் கீழே நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அதே கூவம். அன்றைய பெரும்படைகளுக்கு யானை, குதிரை எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும், ஆறுகள் நெருங்கி வருகிற இந்த இடம் ஏன் போர்க்களமானது என்பதை ஊகிக்க இங்கே நிற்பது உதவும். இது என் ஊகம்தான். மழைக்காலத்தில் தண்ணீர் போகும்போது அணைக்கட்டு மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும்.

8. திரும்பும் வழி

ஒரு மணிவாக்கில் கிளம்பி அரக்கோணத்தில் சாப்பிடுங்கள். தெம்பு இருந்தால் சென்னை திரும்பும் வழியில் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கலாம். எல்லா இடத்திலும் நிற்கிற ரயிலில் ஏறுங்கள், விரைவு லோக்கல் நிற்காது. கோயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர், மாலையில் நடை திறந்த பிறகு போக வேண்டும். ராஜாதித்தன் இறந்ததைச் சொல்கிற திருவாலங்காட்டுச் செப்பேடு இந்த ஊரில் 1905-ல் கிடைத்தது. ஆனால் செப்பேடு கோயிலில் இருக்கும் என்று போகாதீர்கள், அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை.

9. செலவுக் கணக்கு

பேருந்தில் தனியாகப் போனால் ரயில் இரண்டு வழிக்கும் நாற்பதுக்குள், பேருந்துக்கு ஐம்பது வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு, தேநீர் இருநூறு. முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆட்டோ வைத்தால் அந்த ஆயிரத்தை ஆள் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். சில்லறையாக நோட்டு வைத்திருங்கள், எல்லா இடத்திலும் போனைக் காட்டிப் பணம் கட்ட முடியும் என்று நினைக்க வேண்டாம், சிக்னல் போய்விட்டால் நின்றுவிடுவீர்கள்.

10. இன்னொரு நாள், அரை நாள் மட்டும்: திருவொற்றியூர்

மூன்றாவது கல்வெட்டு என்றேனே, அது இங்கே. மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கம்தான். தக்கோலம் போய் வந்த ஓரிரு வாரத்துக்குள் போங்கள், முன்னாடியே போனால் இதன் கனம் தெரியாது.

வல்லபன் என்ற கேரளத்துக்காரர் ராஜாதித்தனின் நண்பர், அவனிடம் படைப்பொறுப்பில் இருந்தவர். தக்கோலத்தில் அவன் இறந்தபோது இவர் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சாகாமல் போனோமே என்ற துக்கத்தில் கங்கைக்குப் போய் நீராடி, துறவியாகி, திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு வாழ்ந்தார். இதைச் சொல்கிற கல்வெட்டில் ஆட்சியாண்டு யாருடையது தெரியுமா, ராஜாதித்தனை வென்ற அதே மூன்றாம் கிருஷ்ணனுடையது. தொண்டை மண்டலம் அப்போது அவன் கையில் இருந்தது. நண்பனைக் கொன்றவனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் அந்தத் துறவி தன் கதையைக் கல்லில் எழுத வேண்டியிருந்தது.

இங்கேயும் பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். அனுமதிக் கடிதத்தில் கோயில் பெயரை மட்டும் மாற்றி இன்னொரு நகல் எடுத்துக்கொண்டால் போதும்.